வெள்ளிதோறும் பிடுங்கி நடும் கீரை

எங்கள் குடியிருப்பில் என்னை எல்லோரும் பாஷி முசோண்டா என்றுதான் கூப்பிடுவார்கள். முசோண்டாவின் அப்பா என்று அர்த்தம். முசோண்டா கல்யாணமாகி ந்டோலாவுக்குப் போய் ஐந்து வருடமாகிறது. பெயர் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. யாராவது என் சொந்தப் பெயருக்கு முன்னால் மரியாதை சேர்த்து “பா கபாசோ” என்று கூப்பிட்டால், அவர் கையில் ஒரு தாள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மார்ச் மாதம் அப்படி ஒருவர் கூப்பிட்டார். தாளில் பச்சை மையில் ஒரு வீடு இருந்தது. வீட்டின் தலையில் ஒரு சூரியன் உட்கார்ந்திருந்தது. அதன் கீழே, ‘புத்திசாலி வீடு, பசுமை வீடு, சுவடு இல்லாத வீடு’ என்று போட்டிருந்தது. நான் எழுத்துக் கற்றது நாற்பத்தாறாம் வயதில், மாதா கோயில் பின்கட்டில் நடந்த முதியோர் வகுப்பில். அதனால் மெதுவாகத்தான் வாசிப்பேன். ஆனால் ஒரு வரியையும் விடமாட்டேன். சுரங்கத்துக்கு மரம் ஏற்றுகிறவன் நடுவில் இரண்டு கட்டையைத் தாண்டிப் போனால் மேஸ்திரி சும்மா விடுவாரா. அந்தப் பழக்கம்.

தாள் சொன்னது இது. குடியிருப்பவர்கள் கரியடுப்பைக் குறைக்க வேண்டும். தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டும். வெயிலைப் பயன்படுத்த வேண்டும். வீடு தானாக யோசிக்கிற அளவுக்கு முன்னேற வேண்டும். ஆனால் நிரந்தரமான மாற்றம் எதுவும் செய்யக்கூடாது. நிரந்தர மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் ஜூன் மாதம் குடியிருப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

எங்கள் ஒப்பந்தம் ஜூனில்தான் முடிகிறது. பதினான்கு வருடமாக அந்த வீடு. கிட்வேயில் இன்னொரு வீடு தேடுவதற்கு என் முழங்காலில் தெம்பு இல்லை. ஆகவே தாளை இரண்டாம் முறையும் வாசித்தேன்.

அந்த வாரமே நிர்வாகம் கூட்டம் போட்டது. மேலாளர் பா சிட்வாலா பேசினார். கோட்டுப் பையில் நான்கு பேனா வைத்திருப்பார், நான்கும் எழுதும்.

“இந்தக் குடியிருப்புல எழுநூத்திப் பன்னெண்டு வீடு இருக்கு. நீங்க குடி வந்த அன்னிக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் இருப்புப் பட்டியல் எழுதினது யாரு? நான். அப்ப நான் எழுத்தர். கதவு, ஜன்னல், ஆணி, விரிசல், என்ன இருந்துச்சோ அத எழுதினேன். பதினாலு வருசத்துல என் பட்டியல்ல ஒரு தப்பு யாரும் காட்டினதில்ல. பட்டியல்ல இருக்கறது வீட்ட விட்டுப் போகக் கூடாது. பட்டியல்ல இல்லாதது வீட்ல நிலைக்கக் கூடாது. இப்ப உலகமே மாறுது. நீங்களும் மாத்துங்க. வெளிநாட்டுலேருந்து பார்க்க வர்றவங்க அசந்து போற மாதிரி மாத்துங்க. எதுவும் மாறாம பாத்துக்கங்க.”

நாங்கள் உள்ளங்கையைக் குவித்து மரியாதையாகத் தட்டினோம். தட்டி முடித்து வெளியே வந்த பிறகு, அவர் என்ன சொன்னார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.

என் மனைவிக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது. அவளை எல்லோரும் கூப்பிடுவது பானா முசோண்டா, முசோண்டாவின் அம்மா. ஒரு காரியம் செய்ய வேண்டும் என்றால் பானா முசோண்டாவுக்கு எந்தப் பேச்சும் புரியும். ஒரு மாதத்தில் வீட்டை மாற்றிவிட்டாள். சோளமாவுச் சாக்கில் மண் நிரப்பி, பக்கமெல்லாம் ஓட்டை போட்டு, கீரை நட்டாள். ஜன்னல் கம்பியில் சைக்கிள் டியூபால் ஒரு சின்ன சூரியத் தகட்டைக் கட்டினாள். அது பகலெல்லாம் வெயில் குடித்துவிட்டு, மின்வெட்டு நேரத்தில் ஒரு விளக்கை எரிக்கும். ஆள் நடந்தால்தான் அந்த விளக்கு எரியும், உட்கார்ந்தால் அணைந்துவிடும். பழைய கம்பளியைப் பெட்டிக்குள் திணித்து, கொதித்த பாத்திரத்தை அதற்குள் வைத்தாள். பீன்ஸ் தானாக வெந்தது. கரி பாதியாகக் குறைந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. பதினான்கு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு ரப்பர் வெட்டிப் போட்டேன். உத்தரத்திலிருந்து இறங்கும் விரிசலில் செய்தித்தாளை நனைத்து அடைத்தேன். குளிர்காற்று நின்றது.

“இப்பத்தான் இது வீடு மாதிரி இருக்கு” என்றாள் பானா முசோண்டா.

அந்தச் சொல் வெளியே கேட்டிருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார்.

ஆய்வாளர் பெயர் ஜெரே. கையில் அளவு நாடா. கூடவே எழுத்தர் நமுகோலோ அம்மையார், மடியில் வைத்து எழுதும் பலகையோடு. ஜெரே வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எந்தப் பக்கம் பெரியவரே நீங்க?”

“கசாமா பக்கம். பெம்பா.”

“அப்படிச் சொல்லு. குரங்கு தின்னி வீடா இது? அதான் வாசல்லயே வாடை.”

“நீங்க?”

“சிபாட்டா. ங்கோனி.”

“அட எலி தின்னி. உள்ள வா. வால ஆட்டாம வா.”

இருவரும் சிரித்தோம். பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் பாட்டன்மார் காலத்தில் சண்டை. அதை அவர்களே கேலியாக மாற்றி முறை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவரை ஒருவர் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. மச்சான் முறைதான். சாவு வீட்டில் கூட பிணத்தைக் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் நமுகோலோ அம்மையார் மேற்கே லோசி நாட்டுக்காரர். எங்கள் முறையில் அவருக்குப் பங்கு கிடையாது. அவர் சிரிக்கவில்லை. எழுதினார்.

“என்னம்மா எழுதறீங்க?” என்றேன்.

“சொன்னத.”

ஆய்வு தொடங்கியது. ஜெரே சாக்கைத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடிந்தது. “சாக்கு தற்காலிகம்” என்றார். பிறகு கீரையை இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை.

“இதுக்கு வேர் இருக்கு மச்சான்.”

“கீரைன்னா வேர் இருக்கும்ல.”

“வேர்னா நிரந்தரம். விதியில தெளிவா இருக்கு. சாக்கு நகரும், மண்ணு நகரும், கீரை மட்டும் நான் போக மாட்டேன்னுது பாரு.”

“அப்ப என்ன செய்யறது?”

“வெள்ளிக்கிழமை காலைல பிடுங்கி வச்சிரு. நாங்க பாத்துட்டுப் போனதும் நட்டுக்க.”

குழாய்க்குப் போனார்கள். நமுகோலோ அம்மையார் பட்டியலை வாசித்தார். “வரி ஆறு. குழாய், ஒன்று, சொட்டும்.” மூன்று பேரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது சொட்டவில்லை. ஜெரேயின் முகம் வாடிவிட்டது.

“சொட்டு எங்க மச்சான்?”

“நிறுத்திட்டேன். தண்ணி மிச்சம் பண்ணச் சொன்னீங்கல்ல.”

“மிச்சம் பண்ணச் சொன்னோம். சொட்ட எடுக்கச் சொல்லல. அது நிர்வாகத்துச் சொட்டு.”

ரப்பரை எடுத்தேன். சொட்டு திரும்பி வந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினார், திருப்தியாகத் தலையாட்டினார். “வரி ஒன்பது. விரிசல், ஒன்று, கை நீளம்.” செய்தித்தாளைச் சுரண்டி எடுத்து விரிசலையும் திருப்பிக் கொடுத்தேன். “வரி பதினேழு. பல்லி, இரண்டு.”

“பல்லியையுமா எழுதியிருக்கார்?”

“இருந்தத எழுதியிருக்கார்” என்றார் நமுகோலோ அம்மையார்.

ஜெரே நாற்காலி மேல் ஏறினார். ஒரு பல்லிதான் இருந்தது. நீண்ட நேரம் தேடினோம். ஆள் நடக்க நடக்க விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. கடைசியில், ‘பல்லி ஒன்று குறைவு, குடியிருப்பவர் விளக்கம் தருவார்’ என்று எழுதிக்கொண்டார்கள். நான் விளக்கம் தந்தேன். பல்லி என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை என்பதுதான் என் விளக்கம். அது ஏற்கப்படவில்லை.

அவர்கள் போனதும் பானா முசோண்டா சொட்டும் குழாயின் வாயில் ஒரு நூலைக் கட்டினாள். நூலின் மறுமுனையைச் சாக்குக்குள் விட்டாள். சொட்டு நூல் வழியே ஊர்ந்து போய்க் கீரைக்குள் இறங்கியது. “அவங்க சொட்டு அவங்க குழாய்ல, எங் கீரை எஞ் சாக்குல. நூல் மட்டும் நடுவுல” என்றாள். அதிலிருந்து கீரைக்கு நாங்கள் தண்ணீர் ஊற்றவே இல்லை.

மறு வாரம் இதைப் பார்த்த ஜெரே ஓடிப்போய் மேலாளரைக் கூட்டி வந்தார். பா சிட்வாலா நூலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். “பாத்தீங்களா, நாம அந்தச் சொட்ட விட்டுக்கொடுக்காம காப்பாத்தினதோட பலன்” என்றார். நல்ல பசுமை வீட்டின் சுவரில் மாட்டும் பாராட்டுத் தகடு, பசுமைத் தகடு, குடியிருப்பிலேயே முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் என்று அறிவித்தார்.

தகட்டை மாட்ட இரண்டு பேர் துளைபோடும் இயந்திரத்தோடு வந்தார்கள். கூடத்துச் சுவரில் நான்கு ஓட்டை போட்டார்கள். மூன்று நாள் சிமெண்டுத் தூள் ந்ஷிமாக் களியில் நறநறத்தது. தகட்டில் பளபளவென்று எழுதியிருந்தது: ‘இந்த வீட்டுச் சுவரில் ஓட்டை போடப்படவில்லை.’

நான் மெதுவாக வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன்.

“பாஷி முசோண்டா, அது என்ன சொல்லுது?” என்றாள்.

“ஓட்டை இல்லன்னு சொல்லுது.”

“எதுமேல நின்னு சொல்லுது?”

அடுத்த வெள்ளிக்கிழமை விதிப்படி வீட்டில் உள்ள எல்லாத் தற்காலிகப் பொருட்களையும் கழற்றிக் காட்ட வேண்டும். கீரையைப் பிடுங்கி வைத்தோம். சூரியத் தகட்டை அவிழ்த்தோம். கம்பளிப் பெட்டியை வெளியே வைத்தோம். பசுமைத் தகடும் பட்டியலில் இல்லாத பொருள். ஆகவே அதையும் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். பின்னால் நான்கு ஓட்டை. ஒன்றிலிருந்து காணாமல் போன பல்லி தலையை நீட்டியது.

“பல்லி, இரண்டு. சரி” என்றார் நமுகோலோ அம்மையார். “ஓட்டை, நாலு. பட்டியல்ல இல்ல.”

“அது நீங்க போட்டது மச்சான்” என்றேன்.

ஜெரே தலையைச் சொறிந்தார். “தகடு மாட்டியிருந்தா ஓட்டை இல்ல. தகட்டுலயே எழுதியிருக்கு. கழட்டினா இருக்கு. கழட்டினது யாரு?”

“நீ சொல்லித்தான கழட்டினேன்.”

“நான் சொன்னேன். கழட்டினது யாரு?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் மச்சானிடம் கோபப்பட முடியாது. கேலிதான் செய்ய முடியும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நன்றாகச் சொன்னேன்:

“எலி தின்னி, இங்க பாரு. நீ கீரையப் பிடுங்கலாம், தகட்டப் பிடுங்கலாம். என்னப் பிடுங்க முடியாது. நான் இந்தத் தரைல வேர் விட்டுப் பதினாலு வருசமாச்சு. உங்க பாட்டனே ஈட்டியத் தூக்கிட்டு வந்து எங்கள அசைக்க முடியல. நீ நாடாவத் தூக்கிட்டு வந்து அசைக்கப் போறியா?”

ஜெரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மரத்துல தொங்கற ஆளுக்கு வேரு வேறயா” என்றார். நானும் சிரித்தேன். பானா முசோண்டா எல்லோருக்கும் வேர்க்கடலை கொடுத்தாள். நல்லபடியாகப் பிரிந்தோம்.

நமுகோலோ அம்மையார் பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

பத்து நாளில் தாள் வந்தது. பா கபாசோ என்றுதான் கூப்பிட்டார்கள். மெதுவாக வாசித்தேன். ‘மேற்படி வீட்டில் நிரந்தர மாற்றம் ஒன்று கண்டறியப்பட்டுள்ளது. விவரம்: குடியிருப்பவர். தரையில் வேர் விட்டதாகவும், அசைக்க முடியாதென்றும் சாட்சிகள் முன்னிலையில் தானே ஒப்புக்கொண்டுள்ளார்.’ விசாரணை திங்கட்கிழமை.

பானா முசோண்டா சாக்கிலிருந்து கீரையைப் பறித்தாள். அவசியத்துக்கு மேலே பறித்தாள். பிறகு, “ந்டோலாவுல முசோண்டா வீட்ல ஒரே அறைதான்” என்றாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பா சிட்வாலா மேசைக்குப் பின்னால் இருந்தார். நமுகோலோ அம்மையார் ஒரு பக்கம். ஜெரே ஒரு பக்கம். ஜெரே என் முகத்தைப் பார்க்கவில்லை. அறிக்கையை வாசித்தார்கள். நான் சொன்னது ஒரு எழுத்து குறையாமல் அதில் இருந்தது. எலி தின்னி கூட இருந்தது.

“சார், அது முறைக் கேலி” என்றார் ஜெரே. குரல் இறங்கியிருந்தது. “நான் ங்கோனி, அவர் பெம்பா. நானும் அவரக் குரங்குன்னு சொன்னேன். யாரும் அத நெசமா எடுத்துக்கறதில்ல சார்.”

“நமுகோலோ, படிவத்துல கேலிக்குக் கட்டம் இருக்கா?”

“இல்ல சார். ‘ஒப்புக்கொண்டார்’, ‘மறுத்தார்’. ரெண்டுதான் இருக்கு.”

“அவர் மறுத்தாரா?”

“சிரிச்சார் சார்.”

பா சிட்வாலா பேனாவைத் திறந்தார். “பா கபாசோ, எனக்கு உங்க மேல தனிப்பட்ட விரோதம் இல்ல. பசுமைத் தகடு வாங்கின மொத வீடு உங்களோடது. அந்தப் படம் வெளிநாட்டுக்கே போயிருக்கு. நீங்க செஞ்ச எல்லாமே கழட்டற மாதிரி இருந்துச்சு, அதுல குறையே இல்ல. நீங்க மட்டும்தான் கழட்ட முடியாம இருக்கீங்க. ஒரு நிர்வாகம்னா மனுசனப் பாத்து நடக்க முடியாது. பட்டியலப் பாத்துத்தான் நடக்கணும். பதினாலு நாள் தர்றேன். வீட்ட அசல் நிலைக்குக் கொண்டு வந்து ஒப்படைங்க. பட்டியல்ல என்ன இருக்கோ அது அத்தனையும் அங்க இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் நான் விட மாட்டேன். இதுல கைரேகை வைங்க.”

பட்டியலை என் பக்கம் தள்ளினார். அடியில் பதினான்கு வருடத்துக்கு முந்தைய என் கட்டைவிரல் ரேகை, நீலமாக. அதன் பக்கத்தில் புது ரேகைக்கு இடம்.

“வாசிச்சிட்டு வைக்கறேன் சார்” என்றேன்.

“அதெல்லாம் வாசிச்சாச்சு. அவங்க வீட்ல வச்சே வாசிச்சாங்களே.”

“பதினேழு வரைதான் வாசிச்சாங்க. அப்புறம் பல்லியத் தேடப் போயிட்டோம்.”

விரலை வரியின் மேல் வைத்து வாசித்தேன். முதல் வரியிலிருந்துதான்; எனக்கு நடுவிலிருந்து வாசிக்க வராது. கதவு, ஒன்று, மழையில் மூடாது. ஜன்னல், இரண்டு, கண்ணாடி ஒன்று. பா சிட்வாலா இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். குழாய். விரிசல். பல்லி. வரி பதினெட்டு, கொக்கி, ஒன்று, விளக்கு இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பேனா மாற்றி எழுதியிருந்தார். எழுத்து எழுத்தாகச் சேர்த்தேன்.

“வரி பத்தொன்பது. மனிதன், ஒன்று, கதவோரம், நிற்கும்.”

எனக்குக் குடி வந்த நாள் ஞாபகம் வந்தது. சாவிக்காகக் கதவோரம் நின்றிருந்தேன். எழுத்தராயிருந்த சிட்வாலா வீட்டைச் சுற்றி நடந்து எழுதிக்கொண்டே வந்தார். “ஆடாம நில்லு, எண்ணிக்கை தப்பிடும்” என்றார். நானும் ஆடாமல் நின்றேன்.

“அது நாந்தான் சார்” என்றேன்.

நமுகோலோ அம்மையார் பட்டியலை வாங்கிப் பார்த்தார். “சார் கையெழுத்துதான்” என்றார்.

பா சிட்வாலா கண்ணாடியைத் துடைத்தார். “அது ஒரு... அன்னிக்கி வேலை அதிகம். எழுநூத்திப் பன்னெண்டு வீடு.”

“தப்புன்னு எழுதிக்கவா சார்?” என்று நமுகோலோ அம்மையார் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. அவருக்குக் கேலி வராது.

பா சிட்வாலா அவர் பேனாவைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். பதினான்கு வருடத்துப் பட்டியல்கள் அடுக்கிய அலமாரியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என் பட்டியல்ல தப்பு கிடையாது. எது இருந்துச்சோ அத எழுதினேன். இவர் மாற்றம் இல்ல, இருப்பு. அசல் நிலை. இவர அந்த வீட்ட விட்டு அப்புறப்படுத்த யாருக்கும் அதிகாரம் இல்ல, எழுதிக்கம்மா.” ஜெரேயின் பக்கம் திரும்பினார். “நிர்வாகத்துச் சொத்த வெளிய போகச் சொல்லி அறிக்கை எழுதியிருக்கீங்க. இனிமே கவனமா இருங்க.”

ஜெரே மிகவும் கவனமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கிற்று.

ஜூனில் ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். எங்கள் வெள்ளிக்கிழமைகள் இப்போது ஒழுங்காக நடக்கின்றன. பானா முசோண்டா பட்டியலில் இல்லை. ஆகவே அவள் தற்காலிகம். கீரை, சூரியத் தகடு, கம்பளிப் பெட்டி ஆகியவற்றோடு அவளும் காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டு வெளியேறி, மாமர நிழலில் மற்ற வீட்டுத் தற்காலிகப் பெண்களோடு உட்கார்ந்து பத்து மணிவரை பேசிக்கொண்டிருப்பாள். வாரத்தில் தனக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு அது என்கிறாள். நான் கதவோரம் நிற்கிறேன். உட்காரக் கூடாது, பட்டியலில் ‘நிற்கும்’ என்றிருக்கிறது. நமுகோலோ அம்மையார் என்னைச் சுற்றி வந்து பார்த்து, நிலைமை என்ற கட்டத்தில், ‘சற்றுத் தேய்ந்துள்ளது, இயல்பான பயன்பாட்டால்’ என்று எழுதுகிறார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு வாரம் முன்பு முழங்கால் வலித்து, நிலைப்படியில் கொஞ்சம் சாய்ந்துவிட்டேன். ஜெரே அளவு நாடாவால் என் தோளைத் தட்டினார்.

“நேரா நில்லு மச்சான். குரங்கு மாதிரி தொங்காத.”

நமுகோலோ அம்மையார் பக்கத்தைத் திருப்பினார்.

இந்த வெள்ளிக்கிழமை வந்தார்கள். திருத்திய பட்டியலில் வரி இருபது புதிதாக இருந்தது: ‘குரங்கு, ஒன்று, தொங்கும்.’ ஜெரே நாற்காலி மேல் ஏறி உத்தரத்தில் தேடுகிறார். நமுகோலோ அம்மையார் வெளியே வைத்த கம்பளிப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். அப்படி ஒன்று இந்த வீட்டில் இல்லவே இல்லை என்று நான் சொல்லலாம். சொன்னால் இருந்தது போய்விட்டது என்று எழுதுவார்கள். வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், ஒன்று, கதவோரம்.